வெள்ளரிக்காய் பிழிந்த துணி

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நான் அழுதுவிடுவேன். நீயும் "சரி விடுடி, சரி விடுடி" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். பெற்ற அப்பா வீட்டுக்குப் போக மகள் அனுமதி வாங்கவேண்டுமா என்ன? என்னிடம் இருக்கும் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே தடால் தடால் என்று சத்தம். என்னமோ ஏதோ என்று ஓடினேன். சமையலறையில் அப்பா நிற்கிறார். கையில் அம்மாவின் குழவிக்கல். பலகை மேல் ஒரு முழு வெள்ளரிக்காய். அதை ஓங்கி ஓங்கி அடிக்கிறார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், கீழே தெருவைப் பார்த்தாற்போல் கடை வைத்திருக்கும் டெய்லரம்மா. "மெதுவா அடிங்க, வெடிச்சாப் போதும், கூழாக்கிடாதீங்க" என்று அதிகாரம் வேறு.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், அக்கா. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா போன பிறகு அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வாராவாரம் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறிப் போகிறேனே, என்னைப் பார்த்து ஒருநாளாவது அப்படிச் சிரித்தாரா? "வச்சுட்டுப் போ பாப்பா, பசிக்கும்போது சாப்பிடறேன்" என்பார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பாதி அப்படியே இருக்கும்.

என்னைப் பார்த்ததும் ஏதோ பெரிய சாதனை செய்தவர் மாதிரி விளக்க ஆரம்பித்துவிட்டார். கிழக்காசியப் பக்கம் இப்படித்தான் சாலட் செய்வார்களாம். வெள்ளரிக்காயைக் கத்தியால் நறுக்கக் கூடாதாம். அடித்து, வெடித்த இடத்தில் கையால் பிய்த்தால்தான் சாறு உள்ளே இறங்குமாம். உப்பும் துளி சர்க்கரையும் தூவி வைத்து, விடுகிற தண்ணீரைப் பிழிந்துவிட்டு, நசுக்கிய பூண்டு, வினிகர், சோயா சாஸ், இடித்த மிளகாய், வறுத்த எள் எண்ணெய் ஒரு ஸ்பூன். மேலே வறுத்த வேர்க்கடலை. அப்புறம் பிரிட்ஜில் வைத்து ஜில்லென்று சாப்பிடவேண்டுமாம். சோறு எப்படி வேகிறது என்று தெரியாத மனுஷர், அக்கா! அம்மா காய்ச்சலில் கிடந்தபோதுகூட அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்!

டெய்லரம்மாவின் கதையையும் அவரே சொன்னார். சின்ன வயசில் வெளிநாட்டுத் துணி ஆலையில் தைத்தாளாம். அடுப்பு வைக்க அனுமதியில்லாத விடுதி அறை. கூடத் தங்கியிருந்த பெண்களிடம் கற்றுக்கொண்டது இந்தச் சாலட். நான் ஒன்றும் கேட்காமலே அந்தம்மாவும் சேர்ந்துகொண்டு, "நாள் முழுக்கக் கத்தரிக்கோலைப் பிடிச்சிட்டு இங்க வந்தும் வெட்டணுமா? அதான் அடிக்கிறோம்" என்று சிரித்தாள். இங்க வந்தும் என்கிறாள், பார்த்துக்கொள். ஏதோ தினமும் வருகிற வீடு மாதிரி.

தினமும் வருகிற வீடுதான் என்பது பிறகு தெரிந்தது. உப்பு டப்பா அடுப்புக்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிருந்தது. அம்மா வைத்த இடத்தை நான் ஒரு டப்பாகூட மாற்றியதில்லை. எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்தச் சமையலறை ஒன்றுதான். அதில் யாரோ வந்து டப்பாவை நகர்த்துவார்களாம், நான் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டுமாம்.

இருந்தாலும் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். உண்மையாகவே. அந்தம்மா வெள்ளரிக்காய்த் துண்டுகளை ஒரு துணிப்பையில் கொட்டி, சுருக்குக் கயிற்றை இழுத்து முறுக்கிப் பிழிகிற வரைக்கும் பொறுமையாகத்தான் இருந்தேன். பச்சைத் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தப் பையைப் பார்க்கிறேன். பச்சைக் கட்டம். அம்மாவின் பருத்திப் புடவை, அக்கா. வீட்டிலிருந்தால் அதைத்தானே கட்டியிருப்பாள். முந்தானையில் என் மூக்கைத் துடைத்துவிட்ட புடவை. அதைக் கத்தரித்து, பை தைத்து, வெள்ளரிக்காய் பிழிகிறார்கள்!

நான் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. பையைப் பிடுங்கி, உள்ளே இருந்ததைத் தொட்டியில் கொட்டினேன். "எங்க அம்மா புடவைதான் கிடைச்சுதா? உங்களுக்கு இந்த வீட்டுல என்ன வேலை?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருப்பேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அந்தம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "தெரியாதும்மா. துவைச்சுத் துவைச்சு மெலிஞ்ச துணி இருந்தா குடுங்கன்னு கேட்டேன், குடுத்தாரு" என்றாள். என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். எங்கள் அம்மா புடவையை எடுத்துக்கொண்டு போகிறாள், என்ன தைரியம் பார்!

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொட்டியில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "நாங்க பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருந்தோம் பாப்பா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன். பெரியவளுக்குத் தெரியும்" என்றார்.

பெரியவளுக்குத் தெரியும்! நீ ஆசையாக அனுப்பிய வறுத்த எள் எண்ணெயை அவர் சாதாரண நல்லெண்ணெய் என்று நினைத்துத் தலைக்குத் தேய்த்துக்கொண்டு கிளம்பியதும், லிப்ட் முழுக்க எள் வாசனை தூக்கியதும், அந்தம்மா மோப்பம் பிடித்து "என்னங்க, தலையிலேயே சாலட் செய்யறீங்களா?" என்று கேட்டதும், அதிலிருந்து இருவரும் பழகியதும் எல்லாம் உனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிற எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் வேறு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறார்: "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறே, உங்கப்பா வீட்டுல நடக்கிறது உனக்குத் தெரியலையே" என்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

எனக்குப் பதில் போடு. என்னிடம் ஏன் மறைத்தாய் என்று ஒரே ஒரு காரணம் சொல். நல்ல காரணமாக இருக்கட்டும்.

உன்மேல் தாங்கமுடியாத கோபத்துடன்,
உன் தங்கை

* * *

அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. நீ நலம் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. மற்றபடி அந்தக் கடிதத்தில் எனக்கு மகிழ்ச்சி தரும்படி ஒரு வரியும் இல்லை.

"நீ இப்படிக் குதிப்பேன்னு தெரிஞ்சுதான் சொல்லலை" என்று எழுதியிருக்கிறாய். இதுதான் நல்ல காரணமா? அம்மாவே பழைய புடவையைக் கிழித்து ஜன்னல் துடைக்கவில்லையா என்று கேட்டிருக்கிறாய். துடைத்தாள். அம்மா புடவையை அம்மா கிழித்தால் அது அவள் இஷ்டம். சமையலறையைப் பூட்டி வைக்க அது என்ன அருங்காட்சியகமா என்றும் கேட்டிருக்கிறாய். நீ விமானம் ஏறிப் போனவள். நான்தான் அந்த வீட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைகிறவள். உனக்குப் பேசுவது சுலபம்.

இங்கே நடப்பதைக் கேள். அந்தம்மா அதற்குப் பிறகு மாடிப் பக்கமே வரவில்லை. யார் வரவேண்டாம் என்றது? "என்ன வேலை" என்று ஒரு கேள்விதானே கேட்டேன். பதில் சொல்லியிருக்கலாமே. இப்படி ஒரேயடியாக வராமல் இருந்தால் ஊரார் கண்ணுக்கு நான் ராட்சசி ஆகிவிடமாட்டேனா?

வராதது மட்டுமில்லை. அப்பாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்து என்னிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பிரித்தால் அம்மாவின் புடவைத் துண்டு. பையை ஒவ்வொரு தையலாகப் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தார். வெள்ளரிக்காய்க் கறை துளியும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் ஊசி போன இடம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. பிரிக்கச் சொல்லி யார் கேட்டது? கத்தரித்த புடவையைப் பிரித்துக் கொடுத்தால் மறுபடி புடவையாகிவிடுமா? இனிமேல் அது புடவையும் இல்லை, பையும் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா வாசனை போய் எத்தனையோ நாளாயிற்று. சோப்பு வாசனைதான் வந்தது.

போன சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன். நான் கொண்டுபோன சாப்பாட்டைத் தொடவில்லை. தானே சாலட் செய்திருக்கிறேன் என்று ஒரு கிண்ணத்தை நீட்டினார். கத்தியால் நறுக்கிய வெள்ளரிக்காய் தண்ணீரில் மிதக்கிறது. சோயாவும் வினிகரும் எங்கே போயின என்று தேடவேண்டும். காலமெல்லாம் குடிநீர் வாரியத்தில் குழாய் ஒழுகாமல் பார்த்துக்கொண்ட மனுஷர், ஒரு வெள்ளரிக்காய்த் தண்ணீரை அடக்கத் தெரியவில்லை. "அடிக்கலையாப்பா?" என்று கேட்டேன். தனியாக அடித்தால் என்னமோ மாதிரி இருக்கிறது என்றார். சரி, பிழியவாவது கூடாதா, வீட்டில் ஒரு துணி இல்லையா என்று சத்தம் போட்டேன்.

"துணி இருக்கு பாப்பா. எதை எடுத்தா நீ அழுவேன்னுதான் தெரியலை" என்றார்.

அக்கா, நாற்பது வயசுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு, இப்படி ஒரு வார்த்தையா சொல்வார் ஒரு மனுஷர்? நான் என்ன செய்வேன்? அந்தத் தண்ணீர்ச் சாலட் முழுவதையும் அவர் எதிரிலேயே சாப்பிட்டேன். வாயில் வைக்க வழங்கவில்லை.

திங்கட்கிழமை கடை விட்டதும் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு நேரே தையல் கடைக்குப் போனேன். சமாதானத்துக்குப் போகவில்லை, சொல்லிவிட்டேன். துணியை மேஜைமேல் வைத்து, "இதைப் பழையபடி தைக்கணும். பழைய அளவுதான்" என்றேன். அந்தம்மா என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, தெரியாத அளவு மாதிரி நீளம் அகலம் பார்த்துவிட்டு, "வேலை நிறைய கிடக்கு. வியாழக்கிழமை வாங்க" என்றார். பார்த்தாயா? வழியில் போகிற வாடிக்கையாளரிடம் சொல்வது போல என்னிடமே வியாழக்கிழமை என்கிறார்!

அப்போதுதான் அவர் கண்ணாடியைக் கவனித்தேன். ஒரு பக்கக் காதுக் கம்பி உடைந்து கறுப்பு நூலால் கட்டியிருந்தது. கண்ணாடி முழுக்கக் கீறல். அந்த நம்பரும் அவருக்குப் போதாது என்று, அவர் ஊசியை எட்டப் பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. இதைப் போட்டுக்கொண்டா அத்தனை தையலையும் பிரித்தார்? "கழட்டுங்க அதை" என்றேன். "கண்ணாடி இல்லாம எதைம்மா தைக்கிறது?" என்றார். அதுவும் நியாயம்தான். கண் டாக்டர் கொடுத்த பழைய சீட்டை வாங்கிப் போய், மறுநாள் காலை கடை திறந்ததும் ஊசி வேலைக்கு ஏற்ற நம்பரில் ஒன்று போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டிப் பார்த்துவிட்டு, "உங்க மூக்கு அப்படியே உங்கப்பா மூக்கு" என்கிறார். நன்றி சொல்லத் தெரியாத ஜன்மம்.

கிளம்பும்போது, தைத்த பையை வாங்க நான் வரமுடியாது, எனக்கு வேலை இருக்கிறது, மேலே கொண்டுபோய் அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். மிஷினை நிறுத்தினார். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "லிப்ட் ஓடுதா?" என்று மட்டும் கேட்டார். மிஷின் மிதித்து மிதித்து முழங்கால் போய்விட்டதாம், மூன்று மாடி ஏற முடியாதாம். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் லிப்ட் ஓடவில்லை! ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அறிவிப்புப் பலகை மாட்டி வைத்திருக்கிறான், கேட்பார் இல்லை. கட்டடச் செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்று நான் பேசிய பேச்சில் எதிர்வீட்டுக் கதவு மட்டுமில்லை, எல்லாக் கதவும் திறந்தது. வயதானவர்கள் இருக்கிற கட்டடம், யாராவது ஒருவர் மேலே வரவேண்டுமென்றால் எப்படி வருவார், மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். "உங்க வீட்டுக்கு யார் வரப்போறாங்க?" என்று அந்த ஆள் கேட்டான். வேண்டியவங்க வர்றாங்க, உனக்கென்ன என்றேன். மெக்கானிக் வந்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

நாளைக்கு வியாழக்கிழமை. இந்தக் கடிதம் வருமுன் எல்லாம் முடிந்திருக்கும் என்பதால், இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து இப்போதே உன் போனுக்கு அனுப்புகிறேன். பதிவு செய்ய இரண்டு சாட்சி வேண்டுமாம். நான் ஒருத்தியாக நின்று கையெழுத்துப் போடமாட்டேன், நீ வரவேண்டும். வரும்போது அந்த எள் எண்ணெய் இரண்டு பாட்டில் கொண்டுவா. ஒன்று என் வீட்டுக்கு. உப்பு டப்பா வலப்பக்கமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எடுக்க அதுதான் வசதி.

இப்போது ஒரு உதவி செய். மறைத்ததற்குப் பரிகாரமாக நினைத்துக்கொள். காலையில் தையல் கடை திறக்கிற நேரத்துக்கு அந்தம்மாவுக்கு ஒரு போன் போடு. நான் சொன்னதாக எதுவும் சொல்லவேண்டாம், என் பேச்சையே எடுக்கவேண்டாம். லிப்ட் ஓடுகிறது என்று மட்டும் சொல்லிவிடு.

இன்னமும் கோபம் தீராத,
உன் தங்கை