கொதிகலன் நின்ற பிறகு

மொன்றியல்,
தை மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் இளைய மகள் சாருஜா எழுதுவது. அக்காவும் நானும் உயிரோடு இருக்கிறோம், நேரத்துக்குச் சாப்பிடுகிறோம். நலம் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

அத்தானின் கையை நான்தான் உடைத்தேன். கௌரி மச்சாள் தன் தம்பிக்காக உங்களிடம் வந்து சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. மற்றதை நான் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். மச்சாள் பக்கத்தில் இருந்து கேட்பார். அதனால்தான் றெஜினாவின் சித்தி ஊருக்கு வரும்போது இதைக் கொடுத்துவிடுகிறேன். றெஜினா மன்னார்ப் பிள்ளை, அக்கா இருந்த தொடர்மாடியில் முதலாம் மாடியில் இருப்பவள். தயவுசெய்து கதவைச் சாத்திவிட்டு வாசியுங்கள்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. இங்கே வில்லரே என்ற பகுதியில் ஒரு ஐஸ் ஹொக்கி அரங்கு இருக்கிறது. அங்கே தரையை உறைய வைக்கும் இயந்திரங்கள் உள்ளேயிருந்து சூட்டை எடுத்து வெளியே தள்ளுகின்றன. பல வருடங்களாக அந்தச் சூடு கூரைக்கு மேலால் வீணாகப் போனது. நாங்கள் அதைத் தண்ணீரில் பிடித்து, ஆற்று மின்சாரத்தில் ஓடும் இயந்திரத்தால் இன்னும் சூடேற்றி, தெருவுக்குக் கீழே குழாய் வழியாகச் சுற்றியுள்ள தொடர்மாடிகளுக்கு அனுப்புகிறோம். ஒரு கட்டடம் இணைந்ததும் அதன் அடித்தளத்தில் எரிவாயுவில் எரியும் கொதிகலனைக் கழற்றிவிடலாம். புகை இல்லை. சத்தமும் இல்லை. புகையைப் பற்றி நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினோம். சத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அத்தான் பராமரிப்பாளராக இருந்த கட்டடமும் அந்த வரிசையில் வந்தது. கொதிகலன் அறைக்குப் பக்கத்து அறைகள்தான் அவர்களுக்கு வாடகையில்லாமல் கொடுத்த வீடு. நீங்கள் வீடியோவில் பார்த்த அக்கா சமைக்கும் அந்தச் சின்னக் குசினிச் சுவருக்கு மறுபக்கம் கொதிகலன். அது எரியத் தொடங்கினால் வீட்டுக்குள் லொறி நிற்பது போல இருக்கும். கதைப்பது கேட்காது.

அத்தான் எங்கள் திட்டத்தை வெறுத்தார். கதவு கதவாகப் போய், இந்தத் தண்ணீர்ச் சூடு மாசி மாதத்தைத் தாங்காது, கிழவர்கள் விறைத்துச் செத்துப் போவார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். என்னை வாசலில் மறித்து, "உன்னைப் படிப்பிச்சது என்ர அடுப்பில கைவைக்கவோ?" என்று கேட்டார். எல்லாரும் அவர் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தோம். நான்கூட எங்கள் குழாய் வேலைக்காரன் ஸ்தெஃபானிடம், மனிதர் பாவம், அவருக்கு வேறு பொறுப்புக் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்றேன்.

அந்தக் கட்டடத்தில் ஒரு பகிடி இருந்தது அம்மா. வைகாசியில், வெளியே ஆட்கள் குளிர்ச்சட்டை இல்லாமல் நடக்கும்போது, திடீரென்று எல்லா வீட்டுச் சூடாக்கியும் கொதிக்கும். யன்னல்களைத் திறந்துவிட்டு இருப்பார்கள். "கிருபா அண்ணை எங்களை அவிச்சுத்தான் விடுவார் போல" என்று றெஜினா அத்தானைச் சொல்வாள். சிலர் அதையே அவருடைய நல்ல மனது என்றார்கள். காசைப் பார்க்காமல் சூடு போடுகிற மனிதராம்.

ஐப்பசியில் கொதிகலனை நிறுத்தினோம். ஸ்தெஃபானின் ஆட்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே இழுத்துப் போனார்கள். அது நின்ற இடத்தில் வெறும் சீமெந்து மேடை. மூலையில் அலுமாரி அளவில் எங்கள் பெட்டி. அறைப் பூட்டின் திறப்பில் ஒன்று அத்தானிடம், ஒன்று என்னிடம். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

புதுத் தண்ணீர் விட்டதும் குழாய்களில் காற்றுச் சிக்கும். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. டொக்டர்மார் கழுத்தில் போடுவது போலத்தான், ஆனால் நுனியில் ஒரு இரும்புக் கம்பி. கம்பியைக் குழாயில் வைத்துக் கேட்க வேண்டும். சலசலத்தால் காற்று. அன்று மத்தியானம் நான் மூன்றாம் மாடியில் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சலசலப்பு இல்லை. இடி கேட்டது. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு இன்னொன்று. இரும்பில் மெத்தென்ற எதையோ மோதுவது போல. இரும்பு நெடுந்தூரம் சத்தத்தைக் கொண்டுவரும், எதையும் மறைக்காது. பம்பு கழன்றுவிட்டது என்று நினைத்து, கையில் குழாய் முறுக்கும் றென்ச்சோடு கீழே ஓடினேன். முதலாம் மாடியில் றெஜினா, இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தவள், இரவு உடுப்போடு படியில் நின்றாள். "கீழ ஆரையோ கொல்லுறாங்கள்" என்றாள்.

அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. என் திறப்பால் திறந்தேன்.

அக்கா அந்தச் சீமெந்து மேடையில் கிடந்தாள். வாயில் துணி அடைத்திருந்தது. அத்தான் அவளுடைய தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, தலையைக் குழாயில் மோதிக்கொண்டிருந்தார். அம்மா, அவர் வெறிபிடித்தவர் போல இருக்கவில்லை. குடித்திருக்கவும் இல்லை. ஒரு வேலையைச் செய்து முடிக்கிற ஆளைப் போல இருந்தார். என்னைக் கண்டதும் மயிரை விடாமல், "இது எங்கட குடும்பக் கதை, நீ மேல போ" என்றார்.

நான் அவருடைய மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. அவர் தரையில் இருந்துவிட்டார். பிறகும் அடித்தேன், தோளில். அந்த இரண்டாவது அடி தேவைப்படவில்லை. பொலிசுக்கும் அப்படியே சொன்னேன். றெஜினா வந்து என் கையைப் பிடித்து, "காணும் சாரு, அவளைப் பார்" என்றிருக்காவிட்டால் மூன்றாவதும் விழுந்திருக்கும். அக்காவின் வாயிலிருந்து துணியை எடுத்தபோது இரண்டு பற்களும் சேர்ந்து வந்தன.

தாடை உடைந்திருந்தது. இடது காதுச் சவ்வு கிழிந்திருந்தது. விலாவில் பழைய முறிவுகள், தானாகப் பொருந்தியவை, எக்ஸ்றே படத்தில் தெரிந்தன. கையில் சூட்டுத் தழும்புகள். அவற்றில் ஒன்றை நீங்கள் வீடியோவில் கண்டு, "கவனமாச் சமை பிள்ளை" என்று சொல்லியிருக்கிறீர்கள். அது அடுப்புச் சூடு அல்ல, கொதிகலனின் இரும்புக் கதவு.

தாடைக் கம்பியை எடுத்த பிறகுதான் அக்கா மெல்ல மெல்லச் சொன்னாள். அவர் ஒருநாளும் கோபத்தில் அடித்ததில்லையாம். கோபம் வந்தால் பேசாமல் எழுந்து போய், சூட்டைக் கூட்டிவிட்டு வருவார். கொதிகலன் பற்றிக்கொண்டு இரையும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். அவளும் முன்னால் இருக்க வேண்டும். அது இரையத் தொடங்கியதும் எழுவார். மேலே வைகாசியில் யன்னல்களைத் திறந்துவிட்டு நாங்கள் சிரித்தது அந்த நேரங்களில்தான்.

கொதிகலன் போன பிறகு சில நாட்கள் அவர் தொடவேயில்லையாம். அக்கா எனக்கு மனதுக்குள் நன்றி சொன்னாளாம். பிறகுதான் துணியைக் கொண்டுவந்தார்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அடுத்த மாதம் வழக்கு. அக்கா நீதிபதிக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால், றெஜினாவும் நானும் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும். அவளோடு பேசக்கூடாது என்று அத்தானுக்கு நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. அவர் பேசவில்லைத்தான். அவர் கௌரி மச்சாளோடு பேசுகிறார், மச்சாள் உங்களோடு பேசுகிறார், நீங்கள் ஒவ்வொரு பின்னேரமும் அக்காவைத் தொலைபேசியில் எடுக்கிறீர்கள். "அந்த மனிசன் ஒற்றைக் கையோட என்ன செய்யும்" என்று நீங்கள் அழுவது அடுத்த அறையில் எனக்குக் கேட்கிறது. அக்கா "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்கிறாள். அது சம்மதம் என்று நினைக்காதீர்கள். அவருக்கும் அவள் அப்படித்தான் ஓம் சொல்லியிருப்பாள்.

நேற்று நீங்கள் வைத்த பிறகு, அவள் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "படியில விழுந்தனான் எண்டு சொன்னா என்ன நடக்கும்?"

என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். அவர் வீட்டுக்கு வருவார். வேறு ஒரு வீடு, வேறு ஒரு சுவர். இந்த நகரத்தில் கொதிகலன்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. நானே நிறுத்துகிறேன், இனியும் நிறுத்துவேன். மறைக்க இரைச்சல் இல்லாதபோது அவர் அவளுடைய வாயைத்தான் அடைக்க வேண்டும். துணியை எப்படி அடைப்பது என்று இப்போது அவருக்குத் தெரியும். அன்று நான் துணியை எடுத்தபோது அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது அம்மா.

ஊரில் தலைகாட்ட முடியாது என்கிறீர்கள். நீங்கள் மச்சாள் வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறீர்கள், தண்ணீர் முதல் மருந்து வரை அவர்கள் உதவிதான். அது எனக்குத் தெரியும். உங்களோடு எனக்குக் கோபம் இல்லை என்று எழுத முயன்றேன். அது பொய்யாகும், அதனால் வெட்டிவிட்டேன். ஆனால் அவள் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தால், நீங்கள் உறங்காமல் அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது அந்த வேலையை நான் செய்கிறேன்.

இனி எடுக்கும்போது சாப்பிட்டாயா, குளிருக்குக் காதை மூடினாயா என்று கேளுங்கள். அவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இடது பக்கம் அவளுக்குக் கேட்பது குறைவு, ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திக் கதையுங்கள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் அம்மன் கோயிலில் அக்கா, அத்தான் இருவர் பெயருக்கும் சேர்த்துத்தான் அர்ச்சனை செய்விக்கிறீர்கள். வழக்குக்கு முந்திய வெள்ளி, கௌரி மச்சாளும் பக்கத்தில் நிற்பார். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்கும்போது பிரஷாந்தினி, உத்தரம் என்று மட்டும் சொல்லுங்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

உங்கள் காலைத் தொட்டு,
சாருஜா