நீங்கள் விட்டுப்போன பாசித் தொட்டி

கையில் பாசி மணக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தேசிக்காய்ப் பாதியை வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோனால் அந்த மணம்தான் முதலில் மூக்கில் ஏறுகிறது. விடிந்ததிலிருந்து வாளி வாளியாகப் பாசி இழுத்துப் போட்டும் தொட்டியின் அடி இன்னும் தெரியவில்லை. முதுகு நிமிரவில்லை. குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, ஏசுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாதபடியால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் பின்வளவில் மீன்தொட்டி கட்டிய முதல் மனிதர் நீங்கள்தான். கடலட்டை எடுக்க மூழ்கப் போய், ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் உங்கள் இடது கால் சொல்வழி கேட்காமல் போனது. இனிக் கடலில் இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வாசலில் இருந்தால் மற்றவர்களுடைய வள்ளங்கள் போவது கண்ணில் படும் என்று கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனீர்கள். அங்கேயாவது சும்மா இருந்தீர்களா? மேசனைப் பிடித்து, கிணற்றடிக்குப் பக்கத்தில் இடுப்பளவு தோண்டி, சீமெந்துத் தொட்டி கட்டுவித்தீர்கள். கட்டுக்கரைக் குளத்துப் பக்கமிருந்து திலாப்பியாக் குஞ்சுகள் வந்து இறங்கின. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கடலை வீட்டுக்கே கொண்டந்திட்டீரோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா, நீங்கள் வலையோட வந்திடாதேங்கோ" என்றீர்கள்.

எனக்கு அந்தத் தொட்டியைக் கண்ணில் காட்டக் கூடாது. குளத்து மீனை நாங்கள் சட்டியில் ஏற்றுவதில்லை, சேறு மணக்கும் என்போம். தின்னாத மீனுக்குத் தீனி எதற்கு என்று கேட்டேன். "பாத்துக்கொண்டு இருக்கத்தான்" என்றீர்கள். 

மாரி முடிந்து வெயில் ஏறியதும் தொட்டிச் சுவரில் பச்சை படர்ந்தது. பிறகு அது தலைமயிர் போல நீண்டு, தண்ணீரை நிறைத்துக்கொண்டு கிடந்தது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தேன். "தொடாதே. பாசி கிடக்கிற இடத்திலதான் மீன் நிக்கும்" என்று தடுத்தீர்கள். கடலில் அது சரி. அடியில் சாதாழைக் கடற்புல் படர்ந்த இடத்தைத் தேடித்தானே நீங்கள் ஒரு காலம் முழுக்க மூழ்கினீர்கள். உங்களைப் பார்க்க வந்த ஆட்களும் தொட்டியை எட்டிப் பார்த்து, "நல்லாப் பாசி பிடிச்சிருக்கு, இனி மீன் பெருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கடலுக்கு வற்றும் பெருக்கும் உண்டு, அலை உண்டு. நாலு பக்கமும் சீமெந்து அடைத்த தண்ணீருக்கு அது ஒன்றும் இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் வெள்ளென, கோயில் மணி அடித்த கையோடு, "இஞ்சேர், ஓடி வா!" என்று கூப்பிட்டீர்கள். விழுந்துவிட்டீர்களாக்கும் என்று பதறிக்கொண்டு வந்தேன். மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "பசிக்குதாக்கும், கொஞ்சம் சோறு போடுவம்" என்றேன்.

"பசியில்லையடி. உதுகளுக்கு மூச்சு முட்டுது. நான் உப்பிடி வாயைத் துறந்துகொண்டு மேல வந்தனான், எனக்குத் தெரியாதே?"

நான் பிடிப்பதற்குள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டீர்கள். இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து அடித்துக் கலக்கினீர்கள். "தண்ணியில இறங்கக் கூடாதெண்டெல்லே டொக்டர் சொன்னவர்!" என்று நான் கத்தினேன். "அவர் கடலைத்தான் சொன்னவர்" என்றீர்கள். தரையில் இழுபடுகிற கால் தண்ணீருக்குள் இழுபடவில்லை. வெயில் ஏற ஏற மீன்கள் கீழே போயின. தாடியிலும் காதிலும் பாசி தொங்க நீங்கள் நின்று சிரித்தீர்கள். கடலை விட்டபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சந்தோசமாக இருந்தது, ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் துவாய் எடுக்கப் போய்விட்டேன்.

பகலில் பாசி தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கும், இரவில் அதுவும் சேர்ந்து மூச்செடுக்கும், கூடிப்போனால் விடியும்போது மீனுக்கு மிஞ்சாது என்று, கடற்றொழில் கந்தோரில் வேலைசெய்த உங்கள் சிநேகிதர் வந்து விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகு உங்களுக்கு அதுவே தொழிலாகிப் போனது. தொட்டியின் பாதிக்குக் கிடுகு போட்டு வெயிலை மறைத்தீர்கள். மீன் வாய்க்குள் போகிற அளவுக்குத்தான் தீனி, மிதக்க விடுவதில்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து மணக்கும் என்று நீலப் பீப்பாயில் பிடித்து ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவீர்கள். பாசியைத் தடியில் சுற்றி, நூல் சுற்றுவதுபோல, அறாமல் இழுப்பீர்கள். நான் சுவரையும் சேர்த்து உரஞ்சப் போனால், "முழுக்கத் துடைச்சுப் போடாதே, கொஞ்சம் கிடக்கட்டும்" என்பீர்கள். கழுதைகள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் வாய் வைத்தால் மட்டும் உங்களுக்குக் கோபம் வரும். அதுகளோடு நீங்கள் சண்டை பிடித்ததைத் தெருவே கேட்டிருக்கிறது.

இப்போது பாசியும் கழுதையும் என் தலையில். உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைச் சாப்பாட்டுக்கு வந்த சனம் தொட்டி விளிம்பில் இருந்துதான் மீன் வெட்டிக் கழுவியது. மீன் கழுவின தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுவது எங்கள் எல்லாருடைய கைப்பழக்கமும்தானே. தொட்டியோரத் தென்னையடிக்கு ஊற்றியதில் பாதி தொட்டிக்குள் வடிந்தது. நல்ல உரம் கிடைத்த பாசி அதற்குப் பிறகு என்னை ஒரு கிழமைகூட ஆறுதலாக இருக்க விடவில்லை. கிடுகும் உக்கிவிட்டது. போதாததற்கு டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், "மீன் உயிரோட இருந்தால் நுளம்பு பெருகாது, பிரச்சினையில்லை. மீன் செத்தால் தொட்டியை மூடிப்போடவேணும் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போதெல்லாம், "ஒரு லோட் மண் போதும், சொல்லிவிடட்டோ?" என்று கேட்கிறாள். "பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், கொட்டித் தொலை என்று சொல்ல எத்தனையோ தரம் வாய் உன்னியது. எனக்குச் சலித்துப்போயிற்று. உங்கள் மீன், உங்கள் தொட்டி, நான் ஏன் சாக வேண்டும்?

நேற்று விடியற்காலை மீன்கள் திரும்பவும் மேலே வந்துவிட்டன. எனக்கு உங்களைப் போல உள்ளே குதிக்க முழங்கால் இடம் கொடுக்காது. தொட்டித் தண்ணீரையே வாளியில் அள்ளி, நெஞ்சுக்கு மேலே தூக்கி, காற்றுக் கலக்கட்டும் என்று உயரத்திலிருந்து ஊற்றினேன். அள்ளினேன், ஊற்றினேன். மகள் முதல்நாள் இரவு இங்கேதான் தங்கியிருந்தாள். சத்தம் கேட்டு எழும்பி வந்தாள்.

"விடுங்கோ அம்மா, சாகிறது சாகட்டும். உங்களுக்கு ஏன் இந்தப் பாடு?"

நான் வாளியை விடவில்லை. வெயில் வந்தது. ஒன்று சரிந்து மிதந்தது, மற்றவை கீழே போய்விட்டன. நான் விளிம்பில் இருந்துவிட்டேன்.

"மண்ணுக்கு இண்டைக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

"ஏனம்மா?"

"வேண்டாமெண்டால் வேண்டாம்" என்று சினந்தேன். பாவம், அவள் தேத்தண்ணி வைக்கப் போனாள். அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் உங்கள் வாயும் அப்படித்தான் திறந்து திறந்து மூடியது. ஒட்சிசன் போட்டிருந்தார்கள். அதற்குள்ளும் உங்களுக்குக் காற்றுப் போதவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. "அம்மா, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அவர்களுக்கு வேலை இருந்தது. உங்கள் செருப்பைப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் நின்றேன். அந்தக் கைகளால் செய்வதற்கு எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

பின்வளவில் என்னை வெளியில் நிற்கச் சொல்ல ஆள் இல்லை. மூச்சு முட்டி வாயைத் திறக்கிற ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று, என் கையால் ஏதாவது செய்ய முடிகிறது. களைப்புத்தான். ஆனாலும் மண் வேண்டாம் என்று சொன்னது அதற்காகத்தான்.