பென்சனுக்கு எழுத மறுத்த அம்மாவுக்கு

அம்மா,

இன்று காலை கிணற்றடியில் குளோரின் மணம். மழை வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டதென்று சுகாதாரப் பரிசோதகர் வந்து வெள்ளைத் தூளைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். மத்தியானம் வரை தண்ணீர் அள்ளக் கூடாதாம். அயலில் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிந்தார்கள். நான் மட்டும் கிணற்றுக்கட்டில் போய் இருந்தேன். நீங்கள் போய் இருபத்திரண்டு நாளாகிறது. உங்கள் சேலைகளை எல்லாம் எடுத்து மணந்து பார்த்துவிட்டேன். அவற்றில் சவர்க்கார வாசம்தான். உங்கள் மணம் அந்தத் தூளில் இருந்தது.

எனக்குக் கலியாணம் பேசிய அந்த வருடம் எனக்கு இருபத்துநான்கு வயது, உங்களுக்கு ஐம்பது. அரசாங்க மருத்துவிச்சியான நீங்கள் விரும்பினால் ஐம்பதிலேயே ஓய்வு பெறலாம் என்பதை எங்கள் ஊர் வேலணை முழுவதும் சொல்லித் திரிந்தவர் மாமா. உங்கள் அண்ணன் என்ற உரிமையில் அவர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு உங்கள் வாழ்க்கையைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பார். அப்பா நோயில் கிடந்தபோது கடைக்காரரிடம் ஈடு வைத்த வீடு அது. அப்பா போய்விட்டார், ஈடு போகவில்லை. ஆறாயிரம் ரூபாய் முதல் அப்படியே நிற்க, மாதம் தவறாமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மாமாவின் திட்டம் எளிமையானது. நீங்கள் பென்சனுக்கு எழுத வேண்டும். பென்சனின் ஒரு பங்கை மொத்தக் காசாக எடுத்து, கையிலுள்ளதையும் போட்டு ஈட்டை மீட்க வேண்டும். வில்லங்கம் இல்லாத வீட்டு உறுதிப் பத்திரத்தை ஆவணிக் கலியாணத்துக்கு முன் எனக்குச் சீதனமாக எழுத வேண்டும். மாப்பிள்ளை கொழும்பில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். அவர் வீட்டார் கேட்டது அந்த உறுதியைத்தான்.

"வீட்டை மீட்டுப்போட்டு நான் என்னத்தைத் தின்னுறது, அண்ணை? மிச்சப் பென்சன் அரைவாசி மாதத்துக்கும் காணாது" என்றீர்கள்.

"மருமோன் பாக்கமாட்டாரே?"

"எனக்கு ஒருத்தரும் சோறு அளக்கத் தேவையில்லை."

அப்படிச் சொல்லிவிட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் முகத்தைப் பார்த்துவிட்டு, பென்சன் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். தேதி மட்டும் போடவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் வைத்தீர்கள். நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதை அப்போது உங்களுக்குக் காட்டவில்லை. மாப்பிள்ளையை ஒருமுறைதான் பார்த்திருந்தேன். நல்ல உயரம், அதிகம் பேசமாட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு கொலரா வந்தது.

முதலில் ஊர்காவற்றுறைப் பக்கம் என்றார்கள். பத்து நாளில் எழுவைதீவில் ஒரே கிழமையில் இரண்டு பேர் போய்விட்டார்கள். உங்கள் வேலையிடம் அந்தச் சின்னத் தீவுதான். திங்கட்கிழமை வள்ளத்தில் போய்ச் சனிக்கிழமை திரும்புவீர்கள். அந்தச் சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. பயணிகள் வள்ளத்தை நிறுத்திவிட்டார்கள். மாமா ஓடிவந்தார். "படிவத்தை உடனே கந்தோருக்கு அனுப்புவம் எண்டு அவளிட்டைச் சொல்லு. லீவைப் போட்டிட்டு வரட்டும். செத்தா பென்சனும் இல்லை, வீடும் இல்லை" என்றார். அவர் சொன்னது தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

மருந்து ஏற்றும் வள்ளத்தில் உங்களுக்குச் சொல்லியனுப்பினேன். உங்களிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. "பிள்ளை, படிவத்தை அனுப்பவேண்டாம். எனக்கு இப்ப வர ஏலாது. மாமாவிட்டைச் சொல்லு." அவ்வளவுதான். என் திருமணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் இடத்துக்கு வேறு ஆள் வர ஆறு மாதமாவது ஆகும் என்று சுகாதாரக் கந்தோரில் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஊர்காவற்றுறைத் துறைக்குப் போனேன். மருந்துப் பெட்டியும் குளோரின் மூட்டையும் ஏற்றிய வள்ளம் புறப்பட நின்றது. மருத்துவிச்சி அம்மாவின் மகள், உடுப்புக் கொண்டுபோகிறேன் என்றேன். கையில் ஓர் ஊசியைப் போட்டு ஏற்றிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தை நோயாளருக்கு விட்டிருந்தார்கள். பிள்ளைகள் இருக்கும் வாங்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் படுக்கை ஆக்கியிருந்தீர்கள். உங்கள் கைகள் குளோரின் பட்டு வெள்ளையாய் வெடித்திருந்தன. நான் படிவத்தை நீட்டினேன்.

"தேதியைப் போட்டுத் தாங்கோ. நான் இதே வள்ளத்தில திரும்பிப் போறன்."

"முதல்ல கையைக் கழுவு."

"அம்மா, ஆவணிக்கு இன்னும் ரெண்டு மாதம்தான் கிடக்கு!"

நீங்கள் என்னைப் பார்க்கவேயில்லை. மூலையில் கிடந்த ஒரு பெண்ணைக் காட்டினீர்கள். மீன்பிடிக்காரரின் மனைவி, திரேசம்மா. நிறைமாதம். கண்கள் உள்ளே போய், வயிறு மட்டும் தெரிந்தது.

"உவள் பெத்து எழும்பட்டும். பிறகு உன்ர கலியாணத்தைக் கதைப்பம். இப்ப இந்தப் போத்தலைப் பிடி."

சேலைன் போத்தலைத் தொங்கவிட அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வள்ளம் போய்விட்டது. கை மரத்துப்போக மறுகைக்கு மாற்றினேன். நீங்கள் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அவளுக்குப் பருக்கினீர்கள். அவள் சத்தியெடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடி பருக்கினீர்கள். மறுநாள் பின்னேரம் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. நீங்கள் எவ்வளவோ முயன்றீர்கள். பிறகு அதைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, வாசலில் நின்ற தகப்பனின் கைகளில் கொடுத்தீர்கள். அந்த மனிதர் குழந்தையை வாங்கிக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "அவள் இருப்பாளோ அம்மா?"

"இருப்பாள். நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றீர்கள்.

திரேசம்மா இருந்தாள். நானும் மூன்று கிழமை அங்கே இருந்தேன். துணி அவித்தேன், கிணறுகளுக்கு மருந்து கரைத்தேன். உங்களோடு தேவைக்கு மட்டும்தான் பேசினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "வரேலாதெண்டு எழுதினியள். என்னை ஒரு வார்த்தை கேட்டியளோ?"

"கேட்டிருந்தா நீ வரச்சொல்லியிருப்பாய். அதுதான் கேக்கேல்லை."

மன்னிப்புக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் மாமா வந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்க்கிறார்களாம். உறுதி மீளவில்லை என்பது ஒன்று. கொலராக்காரரின் துணி துவைத்த பெட்டை என்பது மற்றது. மாமா முற்றத்தில் நின்று, மீன்பிடிக்கிறவர்களின் சாதிப்பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"கரையாற்ற வீடு வழிய திரிஞ்சு, அவையின்ர ஊத்தையைக் கழுவி, என்ன சுகத்தைக் கண்டாய் தங்கச்சி? பெட்டையின்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டாய்!"

நீங்கள் பதில் சொல்ல வாயெடுத்தீர்கள். நான் முந்திக்கொண்டேன்.

"கழுவினது நானும்தான் மாமா. அதை ஊத்தையெண்டு சொல்லுற வீட்டுக்கு நான் போகமாட்டன். உந்த மாப்பிளை எனக்கு வேண்டாம்."

அதைச் சொன்னபோது அது முழு உண்மையாக இருக்கவில்லை அம்மா. சொன்ன பிறகுதான் உண்மையாகியது. அன்று குசினிக்குள் அடுப்படிக்குப் போய் அழுதேன். நீங்கள் பின்னால் வந்து நின்றீர்கள். தொடவில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனீர்கள்.

அடுத்த கிழமை நாங்கள் இருவரும் மேசையில் இருந்து யோசித்தோம். இப்போதே ஓய்வு பெற்றால் வீடு மீளும், ஆனால் சாகும்வரை அரைப் பென்சன். ஐம்பத்தைந்து வரை வேலை செய்தால் முழுப் பென்சன், ஆனால் ஈட்டை மாதச் சம்பளத்தில்தான் கழிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதும் வேலை ஒன்று இருக்கிறது, நான் போகிறேன் என்றேன். நீங்கள் சம்பளம் எவ்வளவென்று கேட்டீர்கள். பிறகு அந்தப் படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டீர்கள்.

கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. தவணை முடிய, வீட்டை அறுதியாகத் தன் பெயருக்கு எழுதித் தரும்படி உறுதி எழுதும் நொத்தாரிசின் அறையில் வைத்துக் கேட்டார். அதுவரை அவரை 'நீங்கள்' என்று பேசிவந்த நீங்கள், அன்று எழுந்து நின்று சொன்னீர்கள்: "வட்டி ஒரு மாதமும் தவறேல்லை. முதலும் இனிக் குறையும். தவணையை நீட்டித் தாரும். ஏலாதெண்டா கோட்டில வந்து கதையும்." நீர் என்று நீங்கள் விளித்ததிலேயே அந்த மனிதர் பாதி சுருங்கிவிட்டார். தவணை நீண்டது.

ஐந்து வருடம் பிடித்தது. இரண்டு தீபாவளிக்கு எங்களுக்குப் புதுச்சேலை இல்லை. உங்கள் சங்கிலியும் போனது. கடைசித் தொகையைக் கட்டிய மாதத்திலேயே முழுப் பென்சனுக்கு எழுதினீர்கள். அதே நொத்தாரிசிடம் வீட்டை என் பெயருக்கு எழுதப் போனோம். அவர் வழக்கம்போல் சீதன உறுதி என்று தொடங்கினார்.

"சீதனமெண்டு போடவேண்டாம் ஐயா" என்றீர்கள். "உவளின்ர உழைப்பும் இதில கிடக்கு. வீட்டுக்காரிக்கு ஆர் சீதனம் குடுக்கிறது?"

நன்கொடை உறுதி என்று எழுதினார்கள். நான் திருமணம் செய்யவில்லை. கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள், எனக்குப் பிடித்தவர் இருக்கவில்லை. அதற்காக நீங்கள் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. அதற்கு நன்றி. ஆனால் என்னைக் கேட்காமல் என் ஆவணியைச் செலவழித்ததற்கான கோபம் எனக்கு இன்னும் உண்டு. நீங்கள் செய்தது சரி என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

உங்கள் செத்தவீட்டுக்கு எழுவைதீவிலிருந்து இரண்டு வள்ளத்தில் ஆட்கள் வந்தார்கள். திரேசம்மா பிறகு பெற்ற மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் கால்மாட்டில் நின்றாள். மாமா அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். கிழவர் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

முழுக்க மாறவில்லை. நேற்று, முப்பத்தோராம் நாள் உங்கள் நினைவாக அச்சிட்டுக் கொடுக்கவிருக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு உங்களைப் பற்றி எழுதியதைக் கொண்டுவந்தார். "மகளுக்காகத் தன்னையே மெழுகாய் உருக்கிய தியாகச் சுடர்" என்று தொடங்கியது. நான் பேனையை எடுத்து அதை வெட்டினேன்.

"ஏன் பிள்ளை? எல்லாரும் இப்பிடித்தானே போடுறவை?"

"அம்மா ஒண்டையும் உருக்கேல்லை மாமா. தனக்குச் சரியெண்டு பட்டதைச் செய்தவ."

அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: "அரசாங்க மருத்துவிச்சி. கொலராக் காலத்தில் எழுவைதீவை விட்டு வர மறுத்தவர். தன் வீட்டைத் தானே மீட்டவர். முழுப் பென்சன் பெற்றவர்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "பென்சனை ஆரும் கல்வெட்டில போடுவினமே?"

"நான் போடுறன்" என்றேன்.

இன்று பின்னேரம் அச்சகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி யார் என் முன்னால் இருந்து என் காலத்துக்கு விலை போட்டாலும், எழுந்து நின்று பதில் சொல்ல எனக்கு ஒரு குரல் இருக்கிறது. அது நீங்கள் தந்ததா, உங்களோடு சண்டை பிடித்து நானே பறித்ததா, தெரியவில்லை. அதை மட்டும் எவரிடமும் ஈடு வைக்கமாட்டேன், அம்மா.