சுவரைத் தொடாத சிம்னி

ஜூன் 14

சிம்னி வந்துவிட்டது. கூடத்தின் நடுவில் அட்டைப்பெட்டி. சுற்றி நின்று பார்த்தோம், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்கள் மாதிரி. அப்பா உத்தரவாத அட்டையை மட்டும் படித்தார். பல்கலைக்கழக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்திய தாளைத்தான் படிப்பார்.

வெண்மதி அண்ணிக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங். இப்போது ஐந்தாம் மாதம். காய்ந்த மிளகாய் தாளித்தால் போதும், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு மூச்சைத் தேடுகிறாள். “அவளுக்கு மூச்சு முட்டினா உள்ள இருக்கற கொழந்தைக்கும் காத்து கொறையுமாம், டாக்டர் சொன்னாங்க” என்று சொல்லி அண்ணன் வாங்கி வந்தான். கார்த்திகேசன் தன் வாழ்நாளில் செய்த முதல் உருப்படியான காரியம். நாளை மாட்டுகிறார்கள்.

ஜூன் 15

மாட்டவில்லை.

கம்பெனியிலிருந்து ஆசிக் என்பவர் கடலூரிலிருந்து வந்தார். டிரில்லைக் கையில் எடுத்ததும் அம்மா குறுக்கே போய் நின்றாள்.

“தம்பி, என்னா பண்ணப் போற?”

“ஓட்ட போட்டு மாட்டணும்மா. பொகை வெளிய போற பைப்புக்குப் பெரிய ஓட்ட ஒண்ணு வேணும். அதுக்கு நீங்க ஆள் வச்சுக்கணும், அது எங்க வேல இல்ல.”

“வூட்ல மாசமா ஒரு பொண்ணு இருக்குதுப்பா. சுவத்துல ஆணிகூட அடிக்கக் கூடாது.”

ஆசிக் டிரில்லைப் பார்த்தார். அண்ணியின் வயிற்றைப் பார்த்தார். “அப்ப எதுக்கும்மா இத வாங்குனீங்க?”

அண்ணி கருவுற்றிருப்பதால் சிம்னி வேண்டும். அண்ணி கருவுற்றிருப்பதால் சிம்னி மாட்டக் கூடாது. நான் படித்த எந்தத் தத்துவப் புத்தகத்திலும் இவ்வளவு சுத்தமான முடிச்சு இல்லை. சுவரை உடைத்தால் பிள்ளைக்கு ஊனம் வருமாம். பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு மூச்சு நின்றால் என்ன வரும் என்பது பற்றி மரபு ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஜூன் 17

நினைவுக்கு வந்தது – ஏப்ரலில் அப்பா அறைக்கு ஏசி மாட்டினார்களே! அண்ணிக்கு நாள் தள்ளிப்போனது அப்போது எல்லோருக்கும் தெரியும். அம்மா பாயசமே வைத்தாள். கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. சாப்பிடும்போது கேட்டேன்.

“அது பெட்ரூமு” என்றார் அப்பா.

“பெட்ரூம் சுவரு பக்கத்து வூட்டோடதாப்பா?”

“அந்த மாசம் வெயில் எவ்ளோ ஜாஸ்தி! பேச வந்துட்டா.”

ஆக, வியர்வைக்கு விலக்கு உண்டு, புகைக்குக் கிடையாது. அண்ணி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிப்பா, இருமலா? தெரியவில்லை.

ஜூன் 29

சிம்னிப் பெட்டியின் மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகள். காலையில் அடுப்படியில் இரண்டு பேர் இருமுகிறார்கள். அண்ணி இருமினால் இன்ஹேலரைத் தேடுகிறோம். அம்மா இருமினால் பொழுது விடிந்துவிட்டது என்று நான் எழுந்து பல் துலக்கப் போகிறேன்.

ஜூலை 6

தீர்வு கிடைத்துவிட்டது. அதன் பெயர் கொளஞ்சியப்பன். அம்மாவின் தம்பி, என் மாமா. புவனகிரியில் ஷாமியானா, பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறார்.

“சுவரத் தொடாம நான் மாட்டித் தரேன்க்கா. ஊரு கல்யாண மேடையெல்லாம் நான் நிறுத்தினதுதான். இந்த டப்பா நிக்காதா?”

நான்கு பந்தல் குழாய்கள். இரண்டு மேடைமேல், இரண்டு தரையில். குறுக்கே கம்பி, நடுவில் சிம்னி. சுவரில் ஒரு கீறல் இல்லை. எங்கள் அடுப்பு இன்று முதல் மணவறையில் இருக்கிறது. ஒரு குழாயில் பழைய காகிதப்பூகூட ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கையேட்டை எடுத்துக்கொண்டு போனேன். கேஸ் அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவே இரண்டடிக்கு மேல் இடைவெளி வேண்டும் என்கிறது. மாமாவின் குழாய்க்கு அந்த நீளம் இல்லை. இட்லிக் குண்டான் அடுப்பில் உட்காரக் குனிய வேண்டும். குண்டானுக்குக் குனியத் தெரியாது.

“மாமா, புக்குல ரெண்டடிக்கு மேலன்னு போட்டிருக்கு.”

“புக்கு எழுதுனவன் என்னிக்காவது சமச்சிருப்பானா பாப்பா?”

“நீங்க சமச்சிருக்கீங்களா மாமா?”

மாமா தேநீர் கேட்டார்.

அடுத்தது புகைக்குழாய். வெளியே விட ஓட்டை கிடையாது. “பொகை மேலதான போவும்?” என்று பரணுக்குள் செருகிவிட்டார். பரணில் பழைய மெத்தை, செய்தித்தாள் கட்டுகள், அப்பாவின் பிரிவு உபசாரச் சால்வைகள். இனி அவற்றுக்குத் தினமும் தாளிப்பு மணம். மின்சாரம்? குளிர்பெட்டியின் ஓரத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக. பிளக்கின் மூன்றாவது முள் அதில் நுழையவில்லை என்று மாமா ஒயரை வெட்டி இரண்டு முள்ளாக்கிவிட்டார். எர்த் இல்லாத இயந்திரம், இரும்புக் குழாய், கீழே கேஸ், அதன்முன் ஈரக் கையோடு ஒரு கர்ப்பிணி. ஆனால் சுவர் பத்திரம்.

சிம்னிமேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உரிக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். “இருக்கட்டும்டி. புதுசு மாறாம இருக்கட்டும்.”

ஜூலை 7

அண்ணனைத் தனியாகப் பிடித்தேன். பிரிச்சிடுண்ணா, ஆபத்து என்றேன். “எனக்கும் தெரியுது இளமதி. ஆனா மாமா மனசு கஷ்டப்படுவாரே” என்றான். மாமாவின் மனசுக்கு எர்த் தேவையில்லை.

ஜூலை 20

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அப்பா விளக்கம் சொல்கிறார். அம்மா அதில் உள்ள விளக்கை மட்டும் போடுகிறாள். மோட்டார் போட்டால் டிவி கேட்கவில்லையாம். நான் வீட்டில் இருந்தால் போடுவேன். அப்போது அடுப்பின் புகை பரணுக்குப் போய், அங்கிருந்து கூடத்தில் இறங்கி, அண்ணி உட்கார்ந்திருக்கும் நாற்காலியை விசாரித்துக்கொண்டு வருகிறது.

ஆகஸ்ட் 28

இரண்டு முறை குளித்தும் புகை நாற்றம் போகவில்லை. எழுதினால் போகுமா?

நாளை அண்ணிக்கு வளைகாப்பு. அம்மா அதிரசத்துக்குப் பாகு பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. அண்ணி வடை தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள் – நான் போடறேன்னு சொன்னேனே, கேக்கலியே. எண்ணெய் காய்ந்து குபீரென்று பிடித்துக்கொண்டது. இரண்டடி இருந்திருந்தால் அங்கேயே அடங்கியிருக்கும். மேலே அந்தப் பாழாப்போன பிளாஸ்டிக்! உருகி, எரிந்துகொண்டே சொட்டியது. அப்பா சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். தண்ணி ஊத்தாதீங்கப்பா, ஊத்தாதீங்கன்னு கத்தினேன். அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, பெரிய தாம்பாளத்தைச் சட்டிமேல் கவிழ்த்தேன். எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கம் கண்ணில் நின்றது.

தீ நின்றது. புகை நிற்கவில்லை. கறுப்பாக, பிளாஸ்டிக் நாற்றம். அண்ணி கூடம் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம். ஒரு வார்த்தை பேச முடியல அவளால. வயித்த மட்டும் ரெண்டு கையாலயும் பிடிச்சிகிட்டா.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லும்வரை அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே சுவரில் எத்தனை ஓட்டைகள்! எல்லாக் குழாயும் போகிறது. உள்ளே எத்தனை கர்ப்பிணிகள்.

அண்ணியையும் கூட்டிக்கொண்டு வீடு திரும்பியதும் அம்மாவின் தீர்ப்பு: “மாசமா இருக்கும்போது புது சாமான் வாங்கியிருக்கவே கூடாது.”

ஆகஸ்ட் 29

வளைகாப்பு நடந்தது. இரண்டு கையும் நிறைய வளையல். சம்பிரதாயப்படி அண்ணி கடலூருக்குத் தாய்வீடு புறப்பட்டாள். காரில் ஏறுமுன் அம்மாவிடம் சொன்னாள். சத்தமே இல்லை, மூச்சு அவ்வளவுதான் இருந்தது:

“அத்தே, அந்தப் பைப்பு வெளிய போனா நான் உள்ள வர்றேன்.”

அம்மா கேட்காதது மாதிரி குங்குமச்சிமிழை மூடினாள்.

செப்டம்பர் 10

என் கல்லூரி கடலூரில்தான். மாலையில் அண்ணியைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவள் தாய்வீட்டு அடுப்படியில் பெரிய ஜன்னலும் புகையை வெளியே தள்ளும் ஒரு பழைய விசிறியும். கருவாடு வறுக்கிறார்கள், அண்ணி பக்கத்தில் நின்று பேசுகிறாள். “நீயே சொல்லு இளமதி. கொழந்தை பொறந்ததும் தூக்கிகிட்டு அந்த அடுப்பங்கரைக்கு நான் வரட்டுமா?”

நவம்பர் 9

பெண் குழந்தை! அம்மா பிஞ்சு விரல்களை எண்ணிப் பார்த்தாள். “சுவரத் தொடாம இருந்தோம்ல, அதான்” என்றாள் என்னிடம், வெற்றியோடு. குழந்தை நலமாகப் பிறந்ததற்குக் காரணம் எங்கள் சுவர். வெண்மதி என்கிற பெண் ஏதோ பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

நவம்பர் 23

இப்போது ஓட்டை போடலாமே என்றேன். தீட்டு கழியட்டுமாம்.

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. சுவருக்கும் மார்கழி உண்டாம்.

ஜனவரி 18

தை. இனி சாக்குச் சொல்ல மாதம் மிச்சமில்லை. அம்மா போனில் பேத்தியின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சிவிட்டு, “எப்பம்மா கூட்டிகிட்டு வர்ற?” என்றாள்.

“ஓட்ட போட்டாச்சா அத்தே?”

“போட்டுடலாம், நீ வா மொதல்ல.”

“சிம்னிய ஓட விட்டு அடியில ஒரு காகிதத்தக் காட்டுங்க. அது ஒட்டிகிட்டு நின்னா வீடியோ எடுத்து அனுப்புங்க. அன்னிக்கே கெளம்பறேன்.”

குரல் தேன். அம்மா போனை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். பெண் பார்க்கப் போன இடத்தில் வாயில்லாத பெண் என்று பெருமைப்பட்டு வந்தவள் இதே அம்மாதான்.

இரவு சாப்பாட்டில் அப்பா, “மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு...” என்று ஆரம்பித்தார்.

“அவன் பேத்தியா?” என்றாள் அம்மா. “டேய் கார்த்தி, நாளைக்கு ஆளக் கூப்புடு.”

ஜனவரி 25

சுவர் விழவில்லை. வானமும் விழவில்லை. வட்டமாக ஒரு கல்துண்டு வெளியே வந்தது; அவ்வளவுதான், ஏழு மாதச் சண்டையின் கனம். எலக்ட்ரீசியன் எர்த்தோடு தனிப் பாயின்ட் போட்டார். கருகிய வடிகட்டி வலைகளையும் ஒயரையும் ஆசிக் மாற்றினார். அளவெடுக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அம்மா. “ரெண்டடிக்கு மேல இருக்கா, நல்லாப் பாரு தம்பி.” குழாய் ஒரே வளைவில் சுவரைத் தாண்டி வெளியே போகிறது. மழைத்தண்ணீர் ஏறாமல் அதன் வாய்க்கு ஒரு மூடி.

மாமா வந்தார். முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். “முகூர்த்த மாசம்டா கொளஞ்சி, குழாயெல்லாம் உனக்கு வேணுமே, எடுத்துட்டுப் போ” என்றாள் அம்மா. இத்தனை சாமர்த்தியத்தை ஜூலையில் எங்கே வைத்திருந்தாளோ.

கருகாமல் மிச்சமிருந்த உறையை அம்மாவே உரித்தாள். நகத்தால், ஓரம் ஓரமாக.

ஜனவரி 26

தினத்தாளில் பாதிப் பக்கத்தைக் கிழித்து அடியில் நீட்டினோம். சட்டென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. அப்பா கைதட்டினார். வீடியோ அனுப்பினேன். அண்ணியின் பதில்: “ஜன்னலத் தொறந்து வைங்க, அப்பதான் நல்லா இழுக்கும். நாளைக்கு வர்றேன்.” அவளும் கையேட்டைப் படித்திருக்கிறாள்.

பிப்ரவரி 12

குழந்தை நாள் முழுக்கத் தூங்குகிறாள். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் ஓட்டையைக் காட்டி, நான் அப்பவே சொன்னேன் என்கிறார்.

பிப்ரவரி 24

பேருந்தைத் தவறவிட்டேன். கண் விழித்தபோது வெயில் கட்டில் வரை வந்திருந்தது. அலறியடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா காய்ந்த மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இருமல் இல்லை. அண்ணி ஜன்னலோரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“என்னாடி இவ்ளோ நேரம் தூக்கம்?”

“நீ எழுப்பவே இல்லையேம்மா.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். “நான் என்னிக்குடி உன்ன எழுப்பியிருக்கேன்?”