தோணியில் போன மெத்தை

சுமக்கிற முதுகைவிடப் படுக்கிற இடுப்பின்மேல் அதிகப் பாசம் வைத்திருந்த என் மச்சான் சேகருக்கு,

நீ இருக்கிற இடத்தில் முதுகுவலி இருக்காது. எனக்கு இருக்கிறது. ஹட்டனில் என் கடையில், போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில், கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வருகிறவர்கள் "என்னா தேவா, எங்கயும் விழுந்துட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். மெத்தை தூக்கினேன் என்றால் சிரிக்கிறார்கள். நீ இருந்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பாய்.

ஆமாம்டா, மெத்தை. அதை முதுகில் சுமந்து, தேயிலைக்குள்ளே இறங்கி, தோணியில் ஏற்றி அக்கரைக்கும் கொண்டுபோனேன். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டிய அதே தேவாதான். சட்டையில் தைத்திருந்த லேபலைக்கூட "இதுவும் எடைதானே" என்று பிய்த்து எறிந்த அதே தேவாதான்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் ஒரே வகுப்பு. பிறகு நீ என் தங்கச்சி விமலாவைக் கட்டினாய். கல்யாணம் ஆனபிறகும் நம்முடைய ஊர்சுற்றல் நிற்கவில்லை. பௌர்ணமிப் போயா லீவு வந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். திம்புள்ளப் பக்கம் போனால் நடை, கொத்மலைப் பக்கம் போனால் தண்ணீர். மூடிவிட்டுப் போன ஒரு ஹோட்டலில் கேட்பாரில்லாமல் கிடந்த பைபர் தோணியை நாம் வாங்கி வந்தபோது நம் வரிசை வீட்டு லயமே கூடி நின்று சிரித்தது. மலையில் இருக்கிறவனுக்கு எதுக்குடா தோணி என்று.

போகிற இடமெல்லாம் நமக்குள் ஒரே சண்டை. நான் பையை லேசாக்குவேன், நீ பாரமாக்குவாய். மடக்கு நாற்காலி, அலுமினியக் கேத்தல், பூப்போட்ட உறையோடு தலையணை, அதற்குமேல் முகம் பார்க்கிற கண்ணாடி. "காட்டுல யாருடா உன் மூஞ்சிய பாக்கப்போறா?" என்று கேட்டால், "அட்டை பாக்கும்" என்பாய். ஏற்றத்தில் நீ மூச்சு வாங்கும்போது நான் மேலே நின்று நக்கலடிப்பேன். கூடாரம் போட்டபிறகு நீ நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டீயை உறிஞ்சுவாய், நான் ஈரக்கல்லில் குந்தியிருப்பேன். அப்போது நக்கல் உன்னுடையது. யார் சொன்னது சரி என்று கடைசிவரை முடிவாகவே இல்லை, இல்லையா?

ஒரு தடவை மட்டும் நீ காரணம் சொன்னாய். "நம்ம அம்மாமாருக்கு கொழுந்து நெறுக்கிற எடத்துல பை பாரமா இருந்தாத்தான்டா மதிப்பு. லேசா இருந்தா கணக்கப்பிள்ளை ஒரு பார்வை பாப்பாரு பாரு, அன்னைக்கு பூரா சோறு எறங்காது. அந்த வயித்துல பொறந்தவன்கிட்ட வந்து லேசா தூக்கு, லேசா தூக்குன்னா எப்புடிடா?" நான் சிரித்துவிட்டு நடந்தேன். விமலா பை கட்டியதைப் பார்த்தபிறகுதான் நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

அதற்கு முன்னால் விமலாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ போனபிறகு அவள் தூங்கவில்லை மச்சான். காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்கு நேரத்துக்குப் போய் நிற்கிறாள், கொழுந்து எடுக்கிறாள், மகளுக்குச் சமைத்துப் போடுகிறாள். படுக்க மட்டும் மாட்டேன் என்கிறாள். சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடுவாள், கூரைத் தகரத்தில் ஒரு இலை விழுந்தாலும் எழுந்துவிடுவாள். உனக்கு நெஞ்சு வலித்தபோது அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள் அல்லவா, அதுதான் அவள் மனதில் முள்ளாக நிற்கிறது. "நான் தூங்குனேன், அவரு போயிட்டாரு" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கோயிலில் கயிறு கட்டினோம். ஒன்றும் கேட்கவில்லை. போன மாதம் தூக்கக் கலக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், சரிவில் கால் வழுக்கி வடிகானுக்குள் விழுந்தாள். முழங்கை சிராய்ப்போடு தப்பினாள். அடுத்த தடவையும் அப்படித் தப்புவாளா?

வழி சொன்னது உன் மகள் கவிதாதான். "மாமா, அம்மாவ ஒருக்கா உங்க காட்டுக்கு கூட்டிட்டுப் போங்களேன். அப்பா அங்க போயிட்டு வந்தா எவ்வளவு தெளிச்சியா இருப்பாரு." விமலா மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"அங்க தூங்குற தூக்கமே வேறன்னு சொல்லுவாரே, அது நெசமாண்ணே?"

"நெசம்தான்" என்றேன். பச்சைப் பொய். உன் குறட்டைக்குப் பக்கத்தில் நான் என்றைக்குத் தூங்கினேன்?

லயத்தில் ஓரிரண்டு பேர் வாயை மென்றார்கள். புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உல்லாசப் பயணமா என்று. என் பொண்டாட்டி சாந்தியைத்தான் உனக்குத் தெரியுமே. "தூங்கத்தான் போறோம்க்கா, நீங்களும் வாறீங்களா?" என்று ஒரே போடாகப் போட்டாள். அதோடு பேச்சு அடங்கியது.

கவிதா வரவில்லை; விமலா, சாந்தி, நான் என்று மூன்று பேரின் பையையும் கட்டியது நான். விமலாவுக்கு முழங்கால் சரியில்லை, அதனால் அவள் பையில் உடுப்பும் போர்வையும் ரொட்டியும் மட்டும். படுக்க என்னுடைய மெல்லிய பாயைக் கொடுத்து, அவள் லயத்துக் காம்பரா அறையிலேயே விரித்துப் படுத்துப் பார்க்கச் சொன்னேன். படுத்தாள். "நல்லாத்தாண்ணே இருக்கு" என்றாள், இடுப்பைத் தேய்த்துக்கொண்டே. எனக்கு அசிங்கமாகிவிட்டது. தூங்குவதற்கென்றே ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் அவளைக் கல்லின்மேல் படுக்கவைப்பதா? கவிதாவின் கட்டிலில் கிடந்த ஸ்பொன்ச் மெத்தையை இழுத்துச் சுருட்டி, உரப்பையைக் கிழித்துச் சுற்றி, கயிறு போட்டு என் பையின் தலையில் ஏற்றினேன். சாந்தி என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "இங்க பாருங்க, காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?"

விடிந்ததும் விமலா தன் பையோடு வந்தாள். அது நான் கட்டிய பையே இல்லை. அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுக்க, அவளும் வாங்கி வாங்கி அடுக்கியிருக்கிறாள். பச்சரிசி, முறுக்கு டின், தோசைக்கல், முழுத் தேங்காய். அடியில் கையை விட்டால் ஏதோ குத்தியது. திருவலை!

"இது என்னாத்துக்குமா?"

"தேங்கா இருக்கேண்ணே, அத எதுல திருவுறது?"

"தேங்கா என்னாத்துக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க கட்டுன பை ரொம்ப லேசா இருந்துச்சுண்ணே. அதோட றோட்டுல நடக்க ஒரு மாதிரி வெக்கமா இருந்துச்சு."

நான் திருவலையைத் திரும்பவும் உள்ளே வைத்துக் கட்டினேன். உன் பொண்டாட்டி உனக்குத் தப்பாமல் வந்து வாய்த்தவள்.

பூண்டுலோயா பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள்ளே குறுக்குப்பாதையில் நடந்தோம். பையின் இடுப்புப் பட்டியை அவளுக்கு மாட்டிக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, தலையில் துணியை மடித்து வைத்து, கொழுந்துக்கூடை மாதிரியே கயிற்றைப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் என்னை முந்திக்கொண்டு ஜோராகத்தான் போனாள். இறக்கம் வந்ததும் நீளமான பை காலில் இடிக்கத் தொடங்கியது. முனகிக்கொண்டே பட்டியை மாட்டிக்கொண்டாள். "என்னாண்ணே இது, நாயைக் கட்டுற மாதிரி கட்டிட்டீங்க" என்றாள். நானோ மெத்தை தேயிலைச் செடியில் மாட்டாமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தோணி இன்னும் கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரையோரத்தில் நம்ம குணதாச அண்ணனின் முற்றத்தில்தான் இருக்கிறது. அக்கரையில் அவருடைய மிளகுத் தோட்டத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். மெத்தையைப் பார்த்ததும் "தேவா மல்லி, மே மொனவாத? என்னா தம்பி இது, கல்யாண வீட்டுக்கா போறது?" என்று சிங்களமும் தமிழும் கலந்து கேட்டுச் சிரித்தார். விமலா யார் என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "சேகர் மல்லி நல்ல மனுசன், நங்கி. இங்க வந்தா பாட்டுத்தான்" என்று தன் தங்கச்சியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். நீ பாடுவாயா மச்சான்? என்னிடம் ஒரு நாளும் பாடவில்லையே.

தோணியில் ஏறியபிறகுதான் வம்பு. மூன்று பேரும் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்து, பைகளை நடுவில் தாழ வைத்ததும், தண்ணீர் விளிம்புக்குக் கிட்ட வந்துவிட்டது. குணதாச அண்ணன் இரண்டு கையையும் விரித்தார். "பேஹே மல்லி, முடியாது! மெத்தய வைங்க, ஆளக் கொண்டுபோங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் முதலில் தேங்காயை இறக்கினேன். பிறகு திருவலை, அரிசி, தோசைக்கல். போதவில்லை. அப்போது விமலா மெதுவாகச் சொன்னாள், "மெத்தைய வச்சிட்டே போவோம்ணே. நான் எங்கயும் தூங்கப்போறதில்ல. அத எதுக்கு வீணா தூக்கிக்கிட்டு."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேல் இல்லை. என் பையைத் திறந்து அடுப்பை எடுத்தேன், காஸ் டின்னை எடுத்தேன், கேத்தல், கோப்பை, தேத்தூள், சீனி எல்லாவற்றையும் எடுத்துக் கரையில் அடுக்கினேன், தோணியின் விளிம்பு தண்ணீரைவிட்டு எழும்பியது. மெத்தையைத் தோணியின் உள்தரையில் விரித்து அதன்மேல் அவளை உட்காரவைத்தேன். "தூங்காட்டி பரவால்ல, சும்மா கெடந்து பாரு" என்றேன்.

"அப்ப விடியக்காலம் டீ?" என்றாள் சாந்தி.

"டீ இல்ல."

தேயிலைக்குள்ளே பிறந்து வளர்ந்தவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அக்கரை சேரும்வரை அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

விமலா முதலில் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுத்தண்ணீர் வந்ததும் ஒரு கையை விட்டாள், பிறகு அதைத் தண்ணீரில் நனைத்தாள். "இவ்வளவு சாமானும் ஏத்தியும் பாரமே தெரியலியேண்ணே" என்றாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது, துடுப்புப் போட்டது நான்தானே.

சாயந்தரம் ஆறிப்போன ரொட்டியும் மாசிச் சம்பலும் சாப்பிட்டோம். விமலா உன்னைப் பற்றித்தான் பேசினாள். நீ கண்ணாடியை மறந்துவிட்டு வந்த பயணத்தில், பஸ்ஸின் சைட் கண்ணாடியில் தலை வாரி டிரைவரிடம் ஏச்சு வாங்கிய கதையை அவள் சொன்னபோது எங்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருட்டுப்பட்டதும் பெண்கள் இருவரும் ஒரு கூடாரத்துக்குள் போனார்கள். நான் என் மெல்லிய பாயில் ஒரு வேரின்மேல் படுத்தேன். இந்தக் கழுத்து அங்கேதான் போனது.

காலையில் சாந்தி தவழ்ந்து வெளியே வந்து, உதட்டில் விரலை வைத்தாள். காதருகே வந்து, "லைட்ட அணைச்சதுதான் தெரியும். ஒரு பொரளல்கூட இல்ல" என்றாள்.

நாங்கள் இருவரும் கூடாரத்துக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தோம். பனிமூட்டம் கலைந்து தண்ணீர் தெரிந்தது. வெயில் வந்தது. உள்ளே சத்தமே இல்லை. டீ இல்லாமல் எனக்கு மண்டை விண்விண்ணென்று இடித்தது, சாந்தி கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தாள், ஆனால் இரண்டு பேரும் அசையவில்லை. அக்கரையிலிருந்து குணதாச அண்ணன் "மல்லீ!" என்று கூப்பிட்டார். கத்தாதீங்க என்று நான் இரண்டு கையையும் போட்டு ஆட்டினேன். மனுஷன் நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகக் கூப்பிட்டார். சாந்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அந்தச் சத்தத்துக்கும் விமலா எழும்பவில்லை மச்சான்! தகரத்தில் இலை விழுந்தால் எழும்புகிறவள்.

வெயில் கூடாரத்தின்மேல் ஏறியபிறகுதான் வாசல் சிப் இழுபடும் சத்தம் கேட்டது. தலை கலைந்து, கன்னத்தில் மெத்தையின் கோடு பதிந்து, அவள் பாதி உடம்பை வெளியே நீட்டினாள். "ஐயோ, பெரட்டு போயிருச்சே! ஏன்ணே எழுப்பல?" என்று பதறினாள். அப்புறம் தண்ணீரைப் பார்த்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரிந்தது.

"தூங்கிட்டேனா?"

"நல்லா தூங்கிட்ட."

அவள் சட்டென்று வெளியே வந்து, முதலில் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சாந்தியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க? ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகல விமலா" என்றாள் சாந்தி. "டீதான் இல்ல."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், நடுவில் சிரித்தாள், திரும்பவும் அழுதாள். நாங்கள் தடுக்கவில்லை. அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் படுக்கவாண்ணே?" என்று கேட்டாள்.

படுத்தாள் மச்சான். கூடாரத்தைத் திறந்தே வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி படுத்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் எல்லா நாளும் தூங்குகிறாள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் படுக்கிறாள், சில நாள் திரும்பவும் சுவர்தான். ஆனால் அடுத்த போயாவுக்குப் போகலாமா என்று அவளே போனில் கேட்டாள். போகலாம் என்றேன். நீ எதையும் யோசிக்காமல் இரு. தான் கண்ணை மூடினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று அவள் மனது நம்புகிறவரை, அவள் தூங்கட்டும், நான் விழித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவளுக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
தேவா