தள்ளிப்போடும் மாத்திரை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
ஆடி முதல் வெள்ளி.

அன்புத் தம்பி இளவரசனுக்கு அக்கா மணிமொழி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் என் பிள்ளைகளும் நலம். உன் பெண்டாட்டி நலமில்லை. போனில் சொன்னால் "டியூட்டில இருக்கேன்க்கா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் பிரகாஷ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாதியில் மடித்து வைக்காதே.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. பேரீச்சம்பழத்தைப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். கஸ்தூரிக்கென்று எதிர்ப்பு சக்தி ஏற்றும் மாவு இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலூர் டாக்டரம்மா சொன்னதை நீ காதில் வாங்கிய லட்சணம் இதுதானா?

மறுபடி சொல்கிறேன், கேள். அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வைப் போல ஒன்று, வெளியே சினைப்பையிலும் குடல் பக்கத்திலும் ஒட்டி வளர்கிறது. மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறது. மாதவிலக்கின்போது கொஞ்சம் ரத்தம் உள்பக்கம் திரும்புவது நிறையப் பெண்களுக்கு நடப்பதுதானாம். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதைத் துடைத்துப் போட்டுவிடும். இவளுக்கு அந்த அணுக்கள் வருகின்றன, கூடுகின்றன, ஆனால் துடைப்பதில்லை. வீக்கத்தைக் கிளப்பி, ஒட்டியது வளரவும் துணை போகின்றன. பௌர்ணமி கிரிவலத்தன்று நம் காபிக் கடை முன்னால் கூட்டத்தை விலக்க வந்தவர்களே கூட்டமாக நின்றுகொள்வார்களே, அப்படி. ஏன் இப்படி ஆகிறது என்று முழுசாக இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. சக்தி கம்மி என்று அவர் சொல்லவே இல்லை. அது தப்பாக வேலை செய்கிறது என்றார். இதற்கு மாவு கலக்கிக் குடித்து என்ன ஆகும்?

அவர் எழுதிக் கொடுத்தது தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. அதைச் சாப்பிடும் வரை மாதவிலக்கு பெரும்பாலும் வராது, வலி அடங்கும், குழந்தை விஷயத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? "மாசாமாசம் வர்றதையே நிறுத்திட்டா வயித்துல எப்பிடிடி புள்ள தங்கும்?" என்று அட்டையோடு கால்வாயில் வீசிவிட்டாள். போன பௌர்ணமிக்குக் கஸ்தூரி கடையில் சுக்குக் காபி ஊற்றிக்கொண்டே இருந்தவள், கல்லாவுக்குக் கீழே சுருண்டு படுத்துவிட்டாள். "ஊர்ல எவளுக்கும் வராத வலியா? எல்லாம் நடிப்பு" என்றாள் அம்மா, வாடிக்கையாளர் காதுபட. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது நடந்ததைக் கேள். இந்த ஆடிக் கடைசியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறோம் அல்லவா? கஸ்தூரிக்கு அந்த நாளில்தான் வரும் என்று அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, தானே மெடிக்கலுக்குப் போய்த் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி வந்தாள். தீபத்துக்கும் இப்படித்தான், பங்குனி உத்திரத்துக்கும் இப்படித்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவளும் முழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்த மாத்திரைதானாம்! ஒன்றைக் கால்வாயில் போட்ட அதே கைதான் இன்னொன்றைத் தண்ணீரோடு நீட்டுகிறது. இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

உன் பெண்டாட்டி வாயில்லாப் பூச்சி என்பாயே. அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "அத்தை, சாமிக்காகத் தள்ளிப் போடலாம், நான் துடிச்சா மட்டும் தள்ளிப் போடக் கூடாதா? டாக்டர் எழுதினத வாங்கித் தாங்க, தெனம் போட்டுக்கறேன். இல்லன்னா இதுவும் வேணாம். வலியோட வீட்லயே கெடக்கறேன், பொங்கல நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள். குரல்கூட உயரவில்லை. அம்மா ஆடிப்போய்விட்டாள்.

அன்று ராத்திரியே அம்மா உனக்குப் போன் போட்டிருக்கிறாள். போளூரில் ஒரு பெண் இருக்கிறது, இவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொன்னாளாம். நீ "பாக்கலாம்மா" என்றாயாம். என்னத்தைப் பார்ப்பாய்? கட்டிய பெண்டாட்டிக்கு நோய் வந்தால் வேறு பெண் பார்ப்பாயோ? கஸ்தூரி அப்போது அடுத்த அறையில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் முழுவதும் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை. ஒரு பையில் துணியை அடுக்கி வைத்திருக்கிறாள். உன் போன் வருமென்று காத்திருக்கிறாள்.

பொங்கலுக்கு முன்னால் நீயே அம்மாவைக் கூப்பிடு. கஸ்தூரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசச் சொல். அந்த மாத்திரையை அவள் சாப்பிடுவாள், நம் வீட்டிலேயே இருப்பாள் என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் நாத்தனார் மூக்கை நுழைக்கிறாள் என்பார்கள். பயந்து பயந்து மென்று முழுங்காதே. நீ ஆம்பளைதானே?

வெயில் ஜாஸ்தி என்றாயே, தண்ணீர் நிறையக் குடி. உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று கஸ்தூரி தினமும் அண்ணாமலையாரிடம் கேட்கிறாள். அவளுக்காக நான் உன்னிடம்தான் கேட்கிறேன்.

உன் அக்கா,
மணிமொழி.