அத்திம்பேர் வீட்டு டிஷ்வாஷர்

என்னை அதட்ட ஆளில்லாமல் பண்ணிவிட்டுப் போன அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் சமையலறைக்கு ஒரு டிஷ்வாஷர் வந்திருக்கிறது. வாங்கிப் போட்டவன் உன் அருமைப் பிள்ளை ரகு. அடையாறிலிருந்து மயிலாப்பூர் வந்து அப்பாவோடு ஒரு வாய் சாப்பிட அவனுக்கு நேரமில்லை. மிஷின் வாங்க மட்டும் நேரம் இருந்தது. அதுவும் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மினுமினுவென்று நிற்கிறது. வேலைதான் ஒன்றும் நடக்கவில்லை.

காலையெல்லாம் கடகடவென்று ஓடும். திறந்தால் ரசச் சொம்பில் கடுகு, காபி டம்ளரில் ஆடை. அத்திம்பேர் அந்த டம்ளரிலேயே காபி குடித்துவிட்டு மறுபடி அதை மிஷினுக்குள் வைப்பார். அவரைப் பற்றி உனக்கா சொல்ல வேண்டும்?

ரகு போனிலேயே வைத்தியம் பார்த்தான். முதலில் சோப்பு மாத்திரையை மாற்றினான். பிறகு கம்பெனி ஆளை அனுப்பினான். அவர் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. "தண்ணி உப்பா கீது சார். மிஷின் இன்னா பண்ணும்?" என்று தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிட்டு, மிஷினுக்கென்றே ஒரு உப்பு வாங்கச் சொன்னார். அழுக்கு டம்ளரைப் படம் எடுத்து ரகுவுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினார். உப்பும் போட்டாயிற்று. கடுகு நகரவில்லை.

இதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ரகு எனக்குப் போன் பண்ணினான். "மிஷின்ல ஒண்ணும் இல்ல சித்தி. அப்பாவுக்குத்தான் முடியல. தனியா விடக் கூடாது. ஊருக்கு வெளியில நல்ல ஹோம் ஒண்ணு பாத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து பேசறேன்" என்றான். குடும்ப வாட்ஸ்அப்பில் அந்த டம்ளர் படத்தை வேறு போட்டிருந்தான், என்னவோ போலீஸ் கேஸ் மாதிரி. பெற்ற அப்பாவை வீட்டை விட்டுக் கிளப்ப உன் பிள்ளைக்குக் கொஞ்சம் பாலாடை போதும். இவனுக்கா நீ பத்தாவது படிக்கும்வரை ஊட்டிவிட்டாய்?

சனிக்கிழமை கே.கே. நகரிலிருந்து கிளம்பிப் போனேன். மிஷின் அப்போதுதான் ஓடி முடித்திருந்தது. கதவைத் திறந்தேன். சொம்பு, டம்ளர், கிண்ணம், வாணலி எல்லாமே வாய் மேலே பார்க்க உட்கார்ந்திருந்தன. மிஷின் தண்ணீரைக் கீழேயிருந்து பீய்ச்சுகிறது அக்கா. பாத்திரங்களின் முதுகுதான் குளித்திருக்கிறது, வயிற்றுக்குள் அழுக்குத் தண்ணீர் தளும்புகிறது. ஒரு என்ஜினீயர் பிள்ளைக்கும் ஒரு கம்பெனிக்கும் இது தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால்தானே தெரியும்.

"என்ன அத்திம்பேர் இது? கவுத்துன்னா வெக்கணும்?"

"உங்கக்கா விட மாட்டாளே. வெறும் பாத்திரத்தைக் கவுத்து வெச்சா ஆத்துக்கு ஆகாதும்பா."

என் வாய் சும்மா இருக்குமா? "அவளே போயாச்சு. இனிமே ஆகாம போறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கவுத்துட்டா, அவ போயிட்டான்னு நானே ஒத்துண்ட மாதிரி ஆயிடும் வசந்தி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பாத்திரத்தையும் நான் தொடவில்லை. ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன்.

மறுநாள் ரகு அந்த ஹோமின் வழவழப்பான புத்தகத்தோடு வந்தான். தோட்டம் இருக்கிறதாம், டாக்டர் இருக்கிறாராம், பஜனை உண்டாம். அத்திம்பேர் எழுந்துபோய் மிஷினைத் திறந்தார். அவன் கண் முன்னாலேயே ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்து அடுக்கினார். உன் டம்ளரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதையும் கவிழ்த்தார்.

"மிஷின் நன்னாத்தான் இருக்கு. நானும் நன்னாத்தான் இருக்கேன். உங்கம்மா இல்லேங்கறது பழகலை, அவ்வளவுதான். அதை நான் இந்த ஆத்துலதான்டா பழகிக்க முடியும்" என்றார்.

உன் பிள்ளை புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அத்திம்பேர் அங்கேயேதான் இருப்பார் அக்கா. ரகு இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தால் அவனுக்கும் அவருக்கும் நடுவில் நான் நிற்பேன். நீ இருந்தால் எப்படி நிற்பாயோ, அப்படி.

உன் உடன்பிறந்தவள்,
வசந்தி